திரும்பு குழாய்

ஸ்டார்ட் ஆகிறது. அதுதான் வம்பு.
ஒரேயடியாகச் செத்துக் கிடந்தால்
மேலே தார்ப்பாயை இழுத்துவிட்டு உள்ளே போயிருப்பேன்.

பத்து நிமிடம் ஓடுகிறது.
பிறகு ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி,
குறட்டைக்காரனுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்பதுபோல்
ஒரு நீண்ட இழுப்பு.
அடங்கிவிடுகிறது.

சஸ்காட்சுவான், ஜனவரி, மைனஸ் இருபத்தாறு.
முன் ஈட்டியில் குத்திய புல்லுருளை
பாதி வழியில் நிற்பதை
வேலிக்கு அப்பால் நாற்பத்தொரு மாடுகள்
இமையில் உறைபனியோடு பார்த்துக்கொண்டிருக்கின்றன.

முதல் நாளே காரணம் எனக்குத் தெரிந்திருந்தது.
ஆஸ்முண்ட் கொடுத்த டீசல்.
லாரி வராத வாரம் அவன் தொட்டியிலிருந்து
இருநூறு லிட்டர். பணம் வாங்கவில்லை.
அதில் தண்ணீர், வேறென்ன?
கூட்டுறவுக் கடையில், உப்புக்கட்டி அடுக்கின் பக்கத்தில்,
நாலு பேர் காதில் விழச் சொன்னேன்:
"இனாமாகக் கொடுக்கிறவன்
அடிமண்டியைத்தான் கொடுப்பான்."
அந்த நாலு பேருக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான்.
கையிலிருந்த கம்பிச் சுருளை
எடுத்த ஆணியிலேயே மாட்டிவிட்டு
வெளியே போனான்.

சாட்சி தேடிக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினேன்.
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
அடியில் தண்ணீர் முத்து ஒன்றுகூட இல்லை.
சாய்த்துப் பார்த்தேன். குலுக்கிப் பார்த்தேன்.
இருந்துவிடேன் என்று கெஞ்சாத குறை.

ஃபில்டர் மாற்றினேன்.
தொட்டி மூடியின் மூச்சுத் துளையை ஊசியால் குத்தினேன்.
கைப்பம்பை அடித்து அடித்து
நுரை போய்த் தெளிவாக வரும்வரை காற்றை எடுத்தேன்.
விரலில் டீசல் பட்ட இடமெல்லாம் மரத்து வெளுத்தது.
இன்ஜெக்டர் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி
எந்தச் சிலிண்டர் பொய் சொல்கிறது என்று கேட்டேன்.
நாலும் ஒரே சொல்லில் நின்றன.
பத்து நிமிடம்.
அடங்கியது.

எண்ணெய்க் கறை படிந்த கையேட்டில்
"எரிபொருளின் தரத்தைச் சோதிக்கவும்" என்ற வரிக்கு
இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தேன்.
அதற்கு அடுத்த பக்கத்தை
நான் புரட்டவே இல்லை.

மூன்றாம் நாள், தொடாமல் மிச்சமிருந்தது ஒன்றுதான்:
பம்பின் உச்சியிலிருந்து
மீந்த டீசலைத் தொட்டிக்கே அனுப்பும்
பென்சில் கனத்துக் குழாய்.
வருகிற வழியைத்தான் எல்லாரும் பார்க்கிறோம்.
எஞ்சின் திணறும் நேரம் பார்த்து
அதன் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.

பீய்ச்சியடித்தது.
அந்த நொடியே எஞ்சின் நிமிர்ந்து
கணகணவென்று, கொஞ்சமும் வெட்கமில்லாமல்,
ஓடத் தொடங்கியது.

மூடியைத் திறந்தேன்.
காப்பித்தூள் மாதிரி கறுப்புத் துகள்கள்.
உள்ளே சுழலும் எடைகளுக்கு
மெத்தையாக இருந்த வளையம்
எத்தனையோ வருடமாய் டீசலில் ஊறி,
வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளாமல்,
தன்னைத் தானே உதிர்த்துக்கொண்டிருந்திருக்கிறது.
உதிர்ந்ததெல்லாம் திரும்பு குழாயின் வாயில்
மிளகளவு உருண்டையைச் சுற்றி அடைத்திருந்தது.
அது என் பம்ப். என் வளையம்.
அவன் டீசல் பாவம், சுத்தமாக வந்து
திரும்பிப் போக வழியில்லாமல் நின்றிருக்கிறது.

அடைப்பை மட்டும் எடுத்துப் பூட்டினேன்.
ஒரு நாள் தாங்கும்.
முதலில் மாடுகளுக்குப் போட்டேன்.
பிறகு துகள்களை ஜாம் பாட்டிலில் வழித்து,
இரண்டு மைல், அதே டிராக்டரில்.

கதவைத் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை.
பாட்டிலை வாங்கி, நான் செய்த மாதிரியே,
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான்.
சாய்த்தான். குலுக்கினான்.
"தண்ணீர் இல்லையே, டார்க்கா."
"இல்லை."
"இதை என்னிடம் ஏன் காட்டுகிறாய்?
உப்புக்கட்டி அடுக்கின் பக்கத்தில் கொண்டுபோய் வை."

கதவு சாத்தியது.
நான் படியிறங்கும் முன் மறுபடி திறந்தது.
பம்ப் சீல் மாட்டும் கருவி,
பழைய சாக்ஸில் சுற்றியது.
"கழுவித் திருப்பிக் கொடு" என்றான்.

கடை திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திறக்கும்.
பாட்டில் டாஷ்போர்டில் இருக்கிறது.
எஞ்சினோடு சேர்ந்து அதுவும் நடுங்குகிறது.